குமரேசனிடம் நான் சொல்லாதது

கோப்பைப் போட்டி நடத்தும் கமிட்டிக்காரர்கள் இந்த வருஷம் ஒரு விதியை மாற்றியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் டீம் லிஸ்ட் கொடுத்தால் போதுமாம். கோல் கீப்பரை விசில் அடிக்கும்வரை மாற்றிக்கொள்ளலாமாம். டாக்டர் சீட்டும் வேண்டாமாம். இதைச் சொல்லிவிட்டு, "கோப்பை விழா மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மாஸ்டர். ரெண்டு கீப்பர்ல ஒருத்தர எப்படித் தேர்ந்தெடுப்பீங்கன்னு. படிக்கிறவங்களுக்கு ஊக்கமா இருக்கணும்" என்று கேட்டார்கள். ஊக்கம் என்னிடம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அச்சில் போடாதீர்கள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை செய்தவன். தோல் தரம் பிரிக்கிற மேசை என்னுடையது. ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு ஒவ்வொரு தோலாக விரித்து, இது ஒன்று, இது இரண்டு, இது மூன்று, இது கழிவு என்று பிரித்துப் போடுவேன். அதோடு கம்பெனி ஃபுட்பால் டீமுக்குப் பதினாறு வருஷம் மாஸ்டர். இப்போது கோச் என்கிறார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆட்ட நாளில் ஷிப்டுக்கு வர வேண்டாம், அவ்வளவுதான்.

நான் விளையாடின காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் கீப்பர்தான், இரண்டாவது கீப்பர். லீக்கில் ஒன்பது வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் கீப்பருக்கு ஒரு தடவைகூட ஜுரம் வரவில்லை.

மாஸ்டர் ஆனபிறகு என்னிடம் இரண்டு கீப்பர்கள் இருந்தார்கள். முதலாவது இம்தியாஸ். கட்டிங் செக்‌ஷன், நிரந்தரத் தொழிலாளி, ஆம்பூர் டவுன்காரன். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. இரண்டாவது குமரேசன். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவன். ஷூவை அச்சில் ஏற்றி இழுக்கிற லாஸ்டிங் செக்‌ஷன். ஐந்து வருஷமாக கான்ட்ராக்ட். வருஷா வருஷம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே விடுவார்கள். உயரம் இம்தியாஸின் காது வரைக்கும்தான் வருவான்.

கம்பெனிகளுக்கான லீக்கில் நிரந்தரத் தொழிலாளி மட்டும்தான் ஆட முடியும். அதனால் லீக் முழுக்க இம்தியாஸ். கோப்பைப் போட்டியில் கம்பெனி அடையாள அட்டை இருந்தால் போதும், யாரும் ஆடலாம். அதனால் கோப்பைக்கு இரண்டாவது கீப்பர் என்று எங்களிடம் ஒரு பழக்கம். கோப்பைக்கும் இன்னொரு வழக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. எங்கள் பெரிய முதலாளி, இப்போது உயிரோடு இல்லை, ஒரு தடவை பரிசளிப்பு மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "ஃபைனல்ல விசில் அடிக்கும்போது என் கம்பெனி பனியன் போட்டு நிக்கிற பதினோரு பேருல எவனும் கான்ட்ராக்ட்ல இருக்கக் கூடாது. அடுத்த மாசம் அவன் பேரு நிரந்தர ரோல்ல இருக்கணும்." எழுதி வைக்கவில்லை, சொன்னதுதான். ஆனால் அவர் காலத்திலும் அவர் மகன் காலத்திலும் அது நடந்தது. தடுத்து ஆடுகிற ஒரு பேக்கும் ஒரு ஃபார்வர்டும் அப்படித்தான் நிரந்தரம் ஆனார்கள். கீப்பர் யாரும் ஆனதில்லை. ஏனென்றால் ஃபைனலுக்குப் போனபோதெல்லாம் அந்தந்த மாஸ்டர்கள் பயந்துபோய் முதல் கீப்பரை இறக்கிவிட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தவன்.

அதனால் நான் சொல்ல வந்த அந்த வருஷம், முதல் சுற்றுக்கு முன்னாலேயே குமரேசனிடம் சொல்லிவிட்டேன். "கப்பு உன்னுது. முதல் மேட்ச்லேருந்து கடைசி மேட்ச் வரைக்கும் நீதான்."

"ஃபைனலுமா மாஸ்டர்?"

"ஃபைனலும்தான்."

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை.

கீப்பரை எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டார்கள் அல்லவா, அதைச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், வேலை முடிந்ததும், ஆளுக்கு முப்பது பந்து. பத்து தரையோடு, பத்து மார்பு உயரத்தில், பத்து ஓரத்திலிருந்து தூக்கி அடிக்கிற உயரப் பந்து. பாதியை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுப்பேன். கையுறை கிடையாது. நான் வலைக்குப் பின்னால் நிற்பேன். முன்னால் நின்றால் கைதான் கண்ணில் படும். பின்னால் நின்றால் கால் தெரியும். கை தப்பு செய்வதற்கு முன்னால் கால் தப்பு செய்துவிட்டிருக்கும். நோட்டில் பிடித்தால் கோடு, தட்டிவிட்டால் வட்டம், நழுவவிட்டால் பெருக்கல். நழுவவிடாதவன் கிடையாது. நழுவவிட்ட பிறகு வருகிற அடுத்த பந்தைத்தான் நான் பார்ப்பேன். அந்தப் பந்துக்கு முன்னால் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறவன் உதவமாட்டான். இரண்டு பேருமே திரும்பினதில்லை. இம்தியாஸ் உருதுவில் பந்தைத் திட்டுவான். குமரேசன் உள்ளங்கையைக் கால்சட்டையில் ஒரு தடவை துடைப்பான்.

"இன்னா மாஸ்டர், மாடு பாக்க வந்தவரு மாதிரி காலையே பாக்குறீங்க?" என்று இம்தியாஸ் கிண்டல் செய்வான். "வாயத் தொறக்கட்டுமா, பல்லையும் எண்ணிக்குங்க."

நோட்டு பொய் சொல்லாது. தரைப் பந்தில் குமரேசன் மேல். இம்தியாஸே அதை ஒத்துக்கொள்வான். உயரப் பந்தில் இம்தியாஸ் பக்கத்தில்கூட அவன் வர முடியாது. பத்தில் நான்கு பந்துக்கு அவன் கோல் கோட்டை விட்டு வெளியே வரவே மாட்டான்.

அந்த வருஷம் ஃபைனல்வரை நான்கு ஆட்டம். குமரேசன் இரண்டு கோல்தான் விட்டான். செமி ஃபைனலில் விட்டது உயரப் பந்து. கோட்டிலேயே நின்றுவிட்டான், எதிராளி தலையால் தள்ளிவிட்டான். அதன் பிறகு கடைசி நிமிஷங்களில் கால் நுனியால் ஒரு பந்தைத் தடுத்து எங்களை ஃபைனலுக்குக் கொண்டுபோனவனும் அவன்தான்.

ஃபைனலில் எதிரே வாணியம்பாடி டீம். அவர்களிடம் ஒரு நெட்டையன் இருந்தான். அவர்கள் ஆட்டமே அவன் தலைதான். ஓரத்திலிருந்து தூக்குவார்கள், அவன் இடிப்பான், முடிந்தது. நான் போய் அவர்கள் செமி ஃபைனலைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் பர்சனல் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பெயர் ரங்கநாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதையும் உத்தரவாகச் சொல்லமாட்டார். குரல் உயராது. நாற்காலி காட்டுவார், பிஸ்கட் தட்டை நகர்த்துவார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு கேள்வி கேட்பார். அவருக்கு வேண்டிய பதில் நம் வாயிலிருந்து வரும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார். வந்ததும் "நீங்க சொன்னா சரிதான்" என்பார். அந்த அறைக்குள் போய்வந்தவர்கள் எல்லாரும் தாங்களே முடிவு எடுத்த மாதிரிதான் வெளியே வருவார்கள். என் மேசையிலிருந்து நான்கு பேரை வேறு யூனிட்டுக்கு அனுப்பினபோது அந்தப் பெயர்களை நான்தான் சொன்னேன். அவர் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை.

"வாணியம்பாடி டீம் பலமா, மிஸ்டர் சாமுவேல்?"

"பலம்தான் சார்."

"எதுல பலம்?"

"உயரப் பந்து சார்."

"நம்ம ரெண்டு கீப்பர்ல உயரப் பந்துக்கு யாரு நல்லா வருவாங்க? எனக்கு ஃபுட்பால் தெரியாது. நீங்களே சொல்லுங்க."

 பிஸ்கட் தட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்தது.

"இம்தியாஸ் சார்."

"அப்போ?"

"குமரேசனுக்கு வாக்கு குடுத்திருக்கேன் சார். நாலு மேட்ச் அவன்தான் ஆடினான்."

"நல்ல பையன். கம்பெனி ஜெயிக்கணும்னு அவனும் நினைப்பான்தானே?"

"நினைப்பான் சார்."

"அப்போ யாரு ஆடுறது கம்பெனிக்கு நல்லது?"

பெரிய முதலாளி மேடையில் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கான்ட்ராக்ட் என்ற சொல்லே வரவில்லை. ஒரு ஆளை ரோலில் ஏற்றுவதைத் தவிர்க்கத்தான் இதெல்லாம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டதெல்லாம் ஃபுட்பால் கேள்வி. ஃபுட்பால் கேள்விக்கு நேர்மையான பதில் இம்தியாஸ்தான். அதுதான் என்னைக் கொன்றது. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உண்மையைச் சொல்லச் சொல்லி மாட்டிவிட்டார்.

"இம்தியாஸ் சார்" என்றேன், இரண்டாவது தடவையாக.

"நீங்க சொன்னா சரிதான். லிஸ்ட்ட நீங்களே எழுதிக் கமிட்டிக்கு அனுப்பிடுங்க."

அப்போது விதி இப்படி இருந்தது. ஃபைனலுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் லிஸ்ட் கமிட்டிக்குப் போக வேண்டும். முதல் பதினோரு பேர், அப்புறம் ஐந்து மாற்று ஆட்கள். அதற்குப் பிறகு கீப்பரை மாற்ற வேண்டுமானால் ஒரே வழி, அடிபட்டிருக்க வேண்டும். மைதானத்து டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதினால் விசிலுக்கு முன்னால் மாற்று கீப்பர் உள்ளே போகலாம். சீட்டு வாங்கினவன் அன்றைக்கு மறுபடி ஆட முடியாது.

வெளியே வந்து நேராகக் கட்டிங் செக்‌ஷனுக்குப் போய் இம்தியாஸிடம் சொன்னேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"எனக்கு இந்த ஃபைனல் எதுக்கு மாஸ்டர்? ஊட்ல மெடல் வைக்க எடமில்ல. என் பொண்ணு அதுல சொப்பு வச்சி வெளையாடுது."

"லிஸ்ட்ல உன் பேரு போட்டே ஆவணும்."

"போடுங்க." இடது கையைத் தூக்கிக் காட்டினான். மோதிர விரல் லேசாக வீங்கியிருந்தது. போன வாரம் தோல் கட்டு விழுந்ததாம். "இது நெசமான அடி. ஆடணும்னா டேப் சுத்திக்கினு ஆடுவேன். ஆடக் கூடாதுன்னா, வார்ம் அப்ல ஒரு பந்தப் புடிச்சிட்டு அய்யோன்னு உக்காந்துடறேன். டாக்டர் சீட்டு எழுதுவாரு. குமரேசன் உள்ள போவான். விசில் அடிக்கும்போது நிக்கிறது யாரு? அவன்தான். பெரிய மொதலாளி சொன்னது அதானே?"

நான் அவனைப் பார்த்தேன். அவனும் முன்பு மூன்று வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவன்தான்.

"பேரு என்னுது இருக்கட்டும் மாஸ்டர், கையி அவன்து இருக்கட்டும். இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிக்கினு இருக்கீங்க? பேஜார் ஆவாதீங்க. அவன்கிட்ட மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

"வேணாம். பஸ்ல நாப்பது பேரு வர்றாங்க. வாய உட்டுடுவான். மேனேஜர் காதுக்குப் போய்டும்."

"அவனா? அவன் வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல."

"வேணாம்னா வேணாம்."

சனிக்கிழமை லிஸ்ட் எழுதினேன். ஒன்று, இம்தியாஸ். பன்னிரண்டு, குமரேசன். ஒரு பிரதியைக் கமிட்டிக்கு அனுப்பினேன். இன்னொன்றை வழக்கப்படி டைம் ஆபீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஷிப்ட் முடிகிற நேரம் நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குமரேசன் போர்டுக்கு முன்னால் வந்தான். படித்தான். பக்கத்தில் நின்றவன் ஏதோ சொல்லி அவன் தோளைத் தட்டினான். அவன் திரும்பி என் ஜன்னல் பக்கம் பார்த்தான். நான் குனிந்து ஒரு தோலை விரித்தேன். நிமிர்ந்தபோது அவன் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஆட்டம். இரண்டு மணிக்குக் கம்பெனி கேட்டிலிருந்து வேன் கிளம்பும். குமரேசன் வரவில்லை. மாதனூரிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்துவிடுவான் என்று நினைத்து வேனை எடுக்கச் சொன்னேன். மைதானத்திலும் இல்லை. போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அடித்தேன். மூன்றேகாலுக்கு அடித்தேன். ஆறு தடவை.

மைதானம் நிரம்பிவிட்டது. மதில்மேல், வேப்பமரக் கிளைமேல், தண்ணீர் லாரிமேல் எல்லாம் ஆள். மேனேஜர் ரங்கநாதன் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேன் டிரைவர் பாபுவைப் பிடித்தேன். யாருடைய பைக்கையாவது வாங்கிக்கொண்டு மாதனூருக்குப் போய் அவனைத் தூக்கிக்கொண்டு வா என்றேன்.

"அவன் இல்லன்னா இன்னா மாஸ்டர்? இம்தியாஸ் பாய் கீறாரே?"

"போடான்னா போ!"

அவன் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. குமரேசன் வராவிட்டால் இம்தியாஸ் ஆட வேண்டும். அதை இம்தியாஸிடம் சொல்ல வேண்டும். இம்தியாஸ் மைதானத்தின் அந்தக் கோடியில், கோல் பக்கம் வார்ம் அப்பில் இருந்தான். திட்டத்தை நிறுத்த என்ன ஜாடை என்று நாங்கள் பேசி வைக்கவே இல்லை. நடுக்கோடு தாண்டி ஓடினேன். அம்பத்தாறு வயசு அப்போது. பாதி தூரம் ஓடியிருப்பேன், ஓரத்திலிருந்து ஒருவன் உயரப் பந்து தூக்கினான். இம்தியாஸ் குதித்து அழகாகப் பிடித்தான். பிடித்துவிட்டு, "யா அல்லா!" என்று கத்திக்கொண்டு கையை நெஞ்சோடு அணைத்துக் கீழே உட்கார்ந்தான். கூட்டம் எழுந்து நின்றது. நன்றாகத்தான் நடித்தான்.

டாக்டர் எனக்கு முன்னால் அங்கே போய்விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த இம்தியாஸின் விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சீட்டு எழுதிவிட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் இம்தியாஸின் காதில் சொன்னேன்.

"குமரேசன் வர்ல."

அவன் முகம் மாறியது. எழுந்து நின்று கையை உதறினான். "டாக்டர் சார், சரியாப் போச்சி சார். பாருங்க."

"என்னப்பா, வெளையாடுறியா? இப்பதான உயிர் போவுதுன்ன?"

"போயிட்டு வந்துடுச்சி சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "வீக்கம் இருக்கு, பாத்தேன், எழுதிட்டேன். நாளைக்கு ஏதாவது ஆனா என்னைக் கேப்பாங்க." சீட்டை ரெஃப்ரியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டாக்டர் மேல் தப்பில்லை. விதி அதுதான்.

இம்தியாஸ் என் சட்டையைப் பிடித்தான். நிஜமாகவே பிடித்தான். "அவன்கிட்ட சொன்னீங்களா இல்லியா?"

நான் நுழைவாசலைப் பார்த்தேன்.

"சொல்லுங்கன்னு சொன்னனே மாஸ்டர்!"

லிஸ்டில் வேறு கீப்பர் இல்லை. தாஸ் என்கிற பேக்குக்குக் கையுறையை மாட்டிவிட்டேன். நிரந்தரத் தொழிலாளி, நல்ல மனுஷன், கோல் கம்பத்துக்கு நடுவே வாழ்க்கையில் நின்றதில்லை. "பந்து வந்தா இன்னாணா பண்றது?" என்று கேட்டான். கையுறையின் பட்டையை இறுக்கிவிட்டேன். நான்கு மணிக்கு விசில் அடித்தது. எங்கள் கோலில் நின்றது தாஸ்.

பதினொன்றாவது நிமிஷம் வாணியம்பாடிக்காரர்கள் ஓரத்திலிருந்து தூக்கினார்கள். தாஸ் கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். நெட்டையன் அவன் தலைக்குமேல் எம்பி உள்ளே தள்ளினான். அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் கோல் பக்கமே வந்து குவிந்துவிட்டார்கள். பந்தை உதைத்து வெளியே தள்ளுவதைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் மைதானத்தைப் பார்க்காமல் நுழைவாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருபதாவது நிமிஷம் ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூட்டம் போட்ட சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

இருபத்தாறாவது நிமிஷம் பைக் வந்தது. பின்னால் குமரேசன். லுங்கியைத் தூக்கிக் கட்டியிருந்தான். மாதனூரில் அவன் அக்கா வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் கோழி வெட்ட ஆள் வேண்டும். போர்டில் தன் பெயரைப் பன்னிரண்டாவதாகப் பார்த்தவன் கடைக்குப் போய்விட்டான். போன் கல்லாப்பெட்டிமேல் கிடந்ததாம். முழங்கைவரை கழுவியிருந்தும் அவனிடம் கோழி வாசம் அடித்தது.

"இம்தியாஸ் அண்ணனுக்கு ரொம்ப அடியா மாஸ்டர்?" என்று கேட்டான். மைதானத்திலிருந்து யாரோ பாபுவுக்குப் போன் போட்டிருக்கிறார்கள், அவன் அப்படித்தான் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறான். வேனுக்குப் பின்னால் பனியன் மாற்றிக்கொண்டான். இம்தியாஸ் மண்டிபோட்டு உட்கார்ந்து அவனுக்கு பூட்ஸ் கட்டிவிட்டான். பந்து வெளியே போனதும் தாஸ் வெளியே வந்தான், குமரேசன் உள்ளே போனான்.

அவன் ஆடின ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. எந்த நெட்டையனை நினைத்து நான் சாப்பிடாமல் கிடந்தேனோ அந்த நெட்டையனுக்கு ஏழு பந்து தூக்கினார்கள். ஏழுக்கும் குமரேசன் கோட்டை விட்டு வெளியே வந்தான். பிடிக்க முயலவே இல்லை. இரண்டு முஷ்டியாலும் குத்தினான். ஒரு தடவை நெட்டையனின் முழங்கை பட்டு உதடு கிழிந்தது. துப்பிவிட்டு, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றான். என் நோட்டு அவனைப் பற்றித் தப்பாகச் சொல்லியிருக்கிறது. நோட்டு இல்லை, நான்தான். முப்பது பந்தில் ஒரு ஆளை அளந்துவிடலாம் என்று நினைத்தது நான்தான். இரண்டாவது பாதியில் எங்கள் ஆட்கள் இரண்டு கோல் போட்டார்கள். ஜெயித்தோம்.

மேடையில் சிறந்த கீப்பர் பரிசு குமரேசனுக்கு. ஒரு ஸ்டாண்டு ஃபேன். மேனேஜர் ரங்கநாதன் சிரித்துக்கொண்டே அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவ்வளவு பேர் பார்த்த பிறகு இனி யார் மறுக்க முடியும் என்று நான் நினைத்தேன். முட்டாள்.

திங்கட்கிழமை காலை நானே மேனேஜர் அறைக்குப் போனேன். கூப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை. நாற்காலி, பிஸ்கட் தட்டு, கண்ணாடித் துடைப்பு எல்லாம் அப்படியே நடந்தது. குமரேசன் பெயரை ரோலில் ஏற்ற வேண்டும் என்றேன். லிஸ்டைக் காட்டி மறுப்பார் என்று எதிர்பார்த்துப் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் லிஸ்டைப் பற்றிப் பேசவே இல்லை.

"பெரிய முதலாளி என்ன சொன்னார்னு நீங்க நேர்ல கேட்டவர். நான் அப்போ இல்ல. நீங்களே சொல்லுங்க."

"ஃபைனல்ல விசில் அடிக்கும்போது நிக்கிற பதினோரு பேரு சார்."

"நேத்து விசில் அடிச்சப்போ கோல்ல யாரு நின்னாங்க?"

நான் கத்தினேன். அவன் வந்ததால்தான் கோப்பை வந்தது என்றேன். உதடு கிழிந்தது என்றேன். பக்கத்து அறையிலிருந்து டைப்பிஸ்ட் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு அதே குரலில், "யாரு மிஸ்டர் சாமுவேல்?" என்றார்.

"தாஸ் சார்."

"நீங்க சொன்னா சரிதான்."

இம்தியாஸ் தனியாகப் போய்ப் பேசினான். யூனியன்காரர்கள் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. குமரேசன் அந்தக் கம்பெனியில் நிரந்தரம் ஆகவே இல்லை. இன்னும் இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தான். பிறகு ராணிப்பேட்டை பக்கம் வேறு கம்பெனிக்குப் போனான். அங்கேயும் கான்ட்ராக்ட்தான் என்று கேள்வி. நான் ரிடையர் ஆகும்வரை மாஸ்டராக இருந்தேன், அந்த ஃபைனலுக்குப் பிறகும் கோப்பைகள் ஆடினோம். அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை, மேனேஜர் அறையிலிருந்து வந்ததும், பதினோரு மணி டீ பிரேக்கில் லாஸ்டிங் செக்‌ஷனுக்குப் போனேன். குமரேசன் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். கிழிந்த உதட்டில் சூடு படாமல் ஓரமாக உறிஞ்சினான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட் தட்டிலிருந்து ஆரம்பித்து, இம்தியாஸின் விரல், டாக்டர் சீட்டு, தாஸ், கடைசியாகக் காலையில் நடந்தது வரைக்கும். முடிந்தபிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"இம்தியாஸ் அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஏன் மாஸ்டர் சொல்லல?"

பஸ்ஸில் வாய் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன் என்று சொல்லப் போனேன். அதை நானே நம்பவில்லை என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது.

"சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாது குமரேசா. அந்த நெட்டையனப் பாத்ததுலேருந்து எனக்குப் பயம். கடைசி நிமிஷம் வரைக்கும், இம்தியாஸையே நிக்க வச்சிடலாமான்னு மனசுல ஒரு மூலையில இருந்துச்சி. அதான் சொல்லல."

அவன் விரல் நுனியில் ஒட்டியிருந்த பசையை உருட்டி உருட்டி எடுத்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லிட்டு மாத்தியிருந்தாலும் நான் இன்னா மாஸ்டர் பண்ணியிருக்கப் போறேன்? பெஞ்சுல உக்காந்திருப்பேன். ஆனா அங்க இருந்திருப்பேன் இல்ல?"

பிரேக் முடிகிற மணி அடித்தது. டீ டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு மெஷினுக்குப் போனான். பெல்ட்டில் அடுத்த ஷூ வந்துவிட்டிருந்தது.